பிணமில்லாத பரணி: போர்ச் செய்தி, ரகசியம், சட்டம்

1

போரில் முதலில் பலியாவது உண்மை என்று ஒரு வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு போர் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். உண்மை ‘பலியாகிறது’. யார் பலி கொடுத்தார்கள், எந்தச் சாமிக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு வாக்கியத்தில் இடமே வைக்கப்படவில்லை. செய்தவன் இல்லாமலேயே செயல் நடந்து முடிந்துவிடுகிறது. உண்மைக்காக அழுகிற வாக்கியமே உண்மையைக் கொன்றவனைத் தப்பவைக்கிறது.

நமது நாளிதழ்களின் போர்த் தலைப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவைதாம். ‘குண்டுவீச்சில் 400 பேர் பலி’. இலக்கணப்படி ‘400 பேர்’ எழுவாய். ‘பலி’ பெயர்ப் பயனிலை. செத்தவர்களே எழுவாய் ஆகிவிட்டதால் கொன்றவருக்கு வாக்கியத்தில் நிற்க இடமில்லை. கருத்தா காணாமல் போகிறான். இதே சாவு நம் தரப்பில் நடந்தால் அது ‘வீரமரணம்’. எதிர்த் தரப்பில் ஆயுதம் வைத்திருந்தவனுக்கு நடந்தால் ‘சுட்டு வீழ்த்தப்பட்டான்’. அவனைத் தேடிப் போவது ‘வேட்டை’. மூன்றும் சாவுதான். மொழி மூன்று தட்டில் பரிமாறுகிறது.

நம்முடைய பழைய போர்ப் பிரதிகளில் இந்த மறைப்பு கிடையாது. புறத்திணைப் புலவன் அரசனிடம் பரிசில் வாங்குகிறவன், நடுநிலையாளன் அல்லன். என்றாலும் கொன்றவன் பெயரை அவன் ஒளிப்பதில்லை, பெருமையோடு சொல்கிறான். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடியது குலோத்துங்க சோழனையும் அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானையும் புகழ்வதற்காகத்தான். ஆனாலும் அந்தப் பரணியில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. வெற்றியைப் பாட வேண்டுமானால் பிணத்தைக் காட்டியாக வேண்டும் என்பது அந்த இலக்கிய வகையின் விதி. இதை அறம் என்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை, ரத்த வெறிதான். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேறொரு பரணி எழுதப்பட்டது. அதில் பாட்டுடைத் தலைவன் உண்டு, ஆயுதப் புகழ்ச்சி உண்டு, வெற்றி உண்டு. பிணம் மட்டும் இல்லை.

அந்தப் பரணி எப்படி எழுதப்பட்டது, அதற்கான சாட்சிகள் எங்கிருந்து வந்தார்கள், அதை மறுத்துப் பேசுகிற குரல் எந்தச் சட்டத்தால் அடைக்கப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று ஊடக விமர்சனம், இன்னொன்று அரசியல், மூன்றாவது வக்கீல்கள் சமாச்சாரம் என்று ஆகிவிடும்.

2

1991 ஜனவரி 17 அன்று பாக்தாத் மீது குண்டுவீச்சு தொடங்கியது. வியட்நாமில் தங்களைத் தோற்கடித்தது தொலைக்காட்சிதான் என்று அமெரிக்க ராணுவம் நம்பியது. அதனால் வளைகுடாவில் செய்தியாளர்கள் சிறுசிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, கூடவே ஓர் அதிகாரியும் வர, காட்டிய இடங்களுக்கு மட்டும் போனார்கள். எழுதியது பாதுகாப்புப் பரிசீலனைக்குப் போன பிறகே வெளியே வந்தது. ஆனால் இதைப் பழைய தணிக்கை என்று மட்டும் புரிந்துகொண்டால் போதாது. பழைய தணிக்கை வெட்டி எடுக்கும். பத்தியில் வெள்ளையாக ஓர் இடம் தெரியும். இங்கே அந்த வெற்றிடம் தெரியவில்லை. ஏனென்றால் அதை நிரப்ப ராணுவமே படம் தந்தது.

விமானத்தின் குறிபார்க்கும் கேமரா எடுத்த படங்கள் அவை. சாம்பல் நிறக் கட்டடம், நடுவில் சிலுவைக்கோடு, வெள்ளையாக ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். ஜனவரி 30 அன்று தளபதி ஷ்வார்ஸ்காஃப் இப்படி ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு பாலம், அதன் மேல் ஒரு வண்டி ஓடுகிறது, அது கடந்த கணத்தில் பாலம் வெடிக்கிறது. வண்டியை ஓட்டியவனை ஈராக்கிலேயே அதிர்ஷ்டசாலி என்றார். அரங்கில் சிரித்தார்கள். அன்று அந்தக் கேமராவில் மனிதன் தென்பட்டது ஒரு நகைச்சுவைத் துணுக்காக மட்டுமே.

‘புத்திசாலிக் குண்டு’ என்று பெயர் சூட்டப்பட்ட, வழிகாட்டப்பட்ட குண்டுகள் அந்தப் போரில் வீசப்பட்டவற்றில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மற்றவை வழக்கமான முட்டாள் குண்டுகள்தாம். ஆனால் தொலைக்காட்சியில் விழுந்தவை எல்லாமே புத்திசாலிகள். பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பகுதியில் ஒரு பதுங்கிடத்தின் மேல் இரண்டு லேசர் குண்டுகள் போடப்பட்டன. ஒன்று கூரையைத் துளைத்தது, அடுத்தது உள்ளே போனது. 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் எரிந்து செத்தார்கள். குறி தவறவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். துல்லியமாக அடித்தால் அப்பாவிகள் சாகமாட்டார்கள் என்ற வாக்குறுதியைத் துல்லியமே பொய்யாக்கியது.

புகைப்படக்காரர் கென்னத் ஜாரெக் பின்வாங்கும் ஈராக்கியப் படையின் வண்டி ஒன்றில் கருகிப்போன ஒரு சிப்பாயைப் படம் எடுத்தார். ராணுவம் அதைத் தடுக்கவில்லை. அமெரிக்காவில் செய்தி நிறுவன ஆசிரியர்களே அதை வெளியே விடாமல் எடுத்துவிட்டார்கள். லண்டனில் ‘அப்சர்வர்’ 1991 மார்ச்சில் அதை வெளியிட்டது.

இந்தப் போர் நடக்கவே இல்லை என்று போத்ரியா எழுதினார். நம்மூரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஏசியவர்களும் உண்டு, தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கொண்டாடியவர்களும் உண்டு. பார்த்தவர்களுக்குக் கிடைத்தது போர் அல்ல, போரின் முன்கூட்டியே தயாரான மாதிரி என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிம்பங்கள் தாமாகவே பெருகி எதார்த்தத்தை விழுங்கிவிட்டன என்பதுபோல அவர் எழுதும்போது நமது நாளிதழ்த் தலைப்பின் வேலையைத்தான் அவரும் செய்கிறார். கருத்தா காணாமல் போகிறான். ஜாரெக்கின் படத்தை ‘பிம்பங்களின் யுகம்’ எடுத்துவிடவில்லை. சம்பளம் வாங்குகிற சில ஆசிரியர்கள், ஒரு மேசையில் உட்கார்ந்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

பாட்டுடைத் தலைவனாக நிறுத்தப்பட்ட பேட்ரியட் ஏவுகணையின் கதை இன்னும் தெளிவானது. 1991 பிப்ரவரி 15 அன்று அதைத் தயாரித்த ஆலையில் நின்றுகொண்டு அதிபர் புஷ், எதிர்கொண்ட 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41 தடுக்கப்பட்டன என்றார். அதற்கு நான்கு நாள் முன்னதாகவே, நீண்ட நேரம் ஓடினால் பேட்ரியட்டின் கணக்கு பிசகுகிறது என்ற தகவலை இஸ்ரேலியர்கள் தந்திருந்தார்கள். அதன் கடிகாரம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கை எண்ணி வந்தது. அந்தப் பின்னம் இருமை எண்ணில் முடிவதில்லை. 24 இடத்தோடு வெட்ட வேண்டும். வெட்டியதில் விடுபட்டது கூடிக்கொண்டே போகும். நூறு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.34 விநாடி. அந்த இடைவெளியில் ஒரு ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பிப்ரவரி 21 அன்று களத்தில் இருந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை போனது: மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிசகலாம் என்று. ‘மிக நீண்ட’ என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. 25 அன்று தஹ்ரானில் ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். திருத்திய மென்பொருள் 26 அன்று வந்து சேர்ந்தது. இவ்வளவும் 1992இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. பரணி எதிரியை மட்டும் ஏமாற்றவில்லை, தன் படையையும் ஏமாற்றியது.

3

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அரசனுக்கு வேவுத் தொழில் சொல்லித் தருகிற அதிகாரம். அதில் ஜனநாயகம் எல்லாம் தேட முடியாது. ஆனால் அதில் ஒரு விதி உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துப்போனால்தான் அரசன் நம்பலாம். கவனிக்க வேண்டியது மூன்று என்ற எண்ணிக்கையை அல்ல; அவர்கள் ஒருவரை ஒருவர் அறியக்கூடாது என்ற நிபந்தனையை. நவீனப் போர்ச் செய்தியின் மோசடி முழுவதும் இந்த நிபந்தனையை உடைப்பதில்தான் இருக்கிறது. மூன்று வாய் பேசுகிறது. ஆள் ஒன்றுதான்.

1990 அக்டோபர் 10 அன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் நயிரா என்ற 15 வயதுப் பெண் அழுதுகொண்டே பேசினாள். குவைத் மருத்துவமனையில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். புஷ் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிசம்பரில் ஆம்னெஸ்டி அறிக்கையும் இந்தக் குற்றச்சாட்டை ஏற்றது. 1991 ஜனவரி 12 அன்று செனட் 52க்கு 47 என்ற கணக்கில் போருக்கு அனுமதி தந்தது. அதிபர், மனித உரிமை அமைப்பு, கண்ணால் கண்ட சிறுமி என்று மூன்று சாட்சி. 1991 ஏப்ரலில் ஆம்னெஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரியில்தான் அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதைப் பத்திரிகையாளர் ஜான் மக்ஆர்தர் வெளிக்கொண்டுவந்தார். அவளை மேடையேற்றியதில் ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர நிறுவனத்தின் கை இருந்தது. கட்டணம் ஏறக்குறைய முழுதும் குவைத் அரசின் பணம். அந்தக் குழு நாடாளுமன்றத்தின் முறையான குழு இல்லை என்பதால் சத்தியப் பிரமாணமும் கிடையாது. பொய் சொன்னால் குற்றமும் கிடையாது. ஈராக் படை குவைத்தில் செய்த உண்மையான கொடுமைகள் ஏராளம். அவற்றைச் சொல்வதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.

12 ஆண்டு கழித்து இந்த உத்தி மெருகேறியது. 2002 செப்டம்பர் 8 ஞாயிறு அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில், ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்கானவை என்று பெயர் சொல்லாத அதிகாரிகளை ஆதாரம் காட்டி எழுதியது. அன்று காலையே துணை அதிபர் செய்னி தொலைக்காட்சிக்கு வந்து, இன்றைய டைம்ஸிலேயே வந்திருக்கிறதே என்று அதை எடுத்துக்காட்டினார். அரசு பத்திரிகையின் காதில் ஓதுகிறது. பத்திரிகை அச்சிடுகிறது. அரசு அச்சைக் காட்டிச் சாட்சி சொல்கிறது. ஒரு வட்டம் பூர்த்தியாகிறது. குழாய்கள் சாதாரண ராக்கெட்டுக்கானவை என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் பின்பக்கத்துக்குப் போனது.

2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் காலின் பவல் பேசினார். சபை வாசலில் தொங்கும் பிக்காஸோவின் குவெர்னிகா திரைச்சீலை அந்த நாட்களில் நீலத் துணியால் மூடப்பட்டிருந்தது. நடமாடும் நுண்ணுயிர் ஆயுதக்கூடங்கள் இருப்பதற்கு நான்கு சாட்சிகள் உண்டு என்றார் பவல். 2005இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை என்ன சொன்னது? இந்த முடிவு ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆள் மேல் நின்றது. ஜெர்மனியில் இருந்த, ‘கர்வ்பால்’ என்று ரகசியப் பெயர் இடப்பட்ட ஓர் ஈராக்கியர். நால்வரில் இன்னொருவர் 2002இலேயே அமெரிக்க ராணுவ உளவுத் துறையால் புளுகர் என்று குறிக்கப்பட்டவர். தான் சொன்னது கட்டுக்கதை என்று கர்வ்பால் 2011இல் தாமே ஒப்புக்கொண்டார்.

எல்லாப் பத்திரிகையாளர்களும் ஏமாந்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நைட் ரிடர் நிறுவனத்தின் ஜானதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும் அதே மாதங்களில் இந்தக் கதைகளைச் சந்தேகித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒன்றும் மாயம் செய்யவில்லை. அமைச்சர்களை விட்டுவிட்டு அவர்களுக்குக் கீழே இருந்த அதிகாரிகளிடம் கேட்டார்கள். டைம்ஸ் 2004 மே 26 அன்று உள்பக்கம் ஒன்றில் ஆசிரியர் குறிப்புப் போட்டு, தன் செய்திகள் போதிய கண்டிப்போடு இல்லை என்றது. பொய் முதல் பக்கத்தில், வருத்தம் உள்பக்கத்தில். இந்தப் பக்க அரசியலைப் பற்றி நமது இதழியல் வகுப்புகளில் யாராவது பாடம் நடத்தலாம்.

4

படைகளோடு செய்தியாளர்களைச் சேர்த்து அனுப்பும் முறை 2003இல் வந்தது. ஏறத்தாழ 600 பேர் போனார்கள். பாசறையில் தங்கி, படையின் சோற்றைத் தின்று, படையின் வண்டியில் போகிறவன் படையின் கண்ணால்தான் பார்ப்பான். பழைய பாணர்களுக்கும் இதுதான் நிலைமை. படையோடு சேராமல் நின்றவர்களுக்கு என்ன ஆனது? 2003 ஏப்ரல் 8 அன்று பாக்தாத்தில் அல் ஜசீரா அலுவலகத்தின் மேல் அமெரிக்கக் குண்டு விழுந்து தாரிக் அயூப் இறந்தார். அதே நாள் பாலஸ்தீன் ஓட்டல் மீது அமெரிக்க டாங்கி சுட்டதில் இன்னும் இரண்டு பத்திரிகையாளர்கள் இறந்தார்கள்.

இனி நாம் அந்தக் கேமராவுக்குத் திரும்பலாம். 2007 ஜூலை 12 அன்று பாக்தாத்தில் ஒரு அப்பாச்சி ஹெலிகாப்டர் சுட்டதில் ஏறத்தாழ 12 பேர் செத்தார்கள். அதில் ராய்ட்டர்ஸின் புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீனும் ஓட்டுநர் சயீத் ஷ்மாக்கும் இருந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்க வந்த வேன் மீதும் சுட்டதில் உள்ளே இருந்த இரண்டு குழந்தைகளுக்குக் காயம். துப்பாக்கிக் கேமராவின் படத்தைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி ராய்ட்டர்ஸ் கேட்டது. கிடைக்கவில்லை. 2010 ஏப்ரல் 5 அன்று விக்கிலீக்ஸ் அதை வெளியிட்டது.

1991இல் தளபதி மேடையில் போட்டுக் காட்டியதும் ஆயுதக் கேமராவின் படம்தான். 2007இல் பூட்டி வைத்ததும் அதுவேதான். முதல் படத்தில் கட்டடம் இருந்தது, இரண்டாவதில் மனிதர்கள் இருந்தார்கள். ஆக, எது ரகசியம் என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கவில்லை, ராணுவத் தேவையும் தீர்மானிக்கவில்லை. படத்தில் பிணம் இருக்கிறதா என்பதே அளவுகோலாக இருந்தது. 1991இல் வந்து 2009 வரை நீடித்த இன்னொரு தடையும் இதையே காட்டுகிறது. டோவர் விமானதளத்துக்கு வந்து இறங்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் சவப்பெட்டிகளைப் படம் எடுக்கக்கூடாது. எதிரிக்கு இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? யாரிடமிருந்து ரகசியம்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1971 ஜூன் 13 அன்று டேனியல் எல்ஸ்பெர்க் ஜெராக்ஸ் எடுத்துத் தந்த வியட்நாம் ஆவணங்களை டைம்ஸ் வெளியிடத் தொடங்கியபோது, அமெரிக்க அரசு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஏன் தடுக்க வேண்டும் என்று வெளிப்படையாக வாதாட வேண்டியிருந்தது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று தோற்றது. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸைத் தடுக்க எந்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை. செனட்டர் ஜோ லீபர்மனின் அலுவலகம் விசாரித்ததை அடுத்து அமேசான் தன் கணினிகளிலிருந்து அதை வெளியேற்றியது; தன் விதிமுறைகளை மீறியதுதான் காரணம் என்றது. அடுத்த சில நாட்களில் பேபால், விசா, மாஸ்டர்கார்டு பணம் போகும் வழியை அடைத்தன. அரசு ஆணை இல்லை, தீர்ப்பு இல்லை, மேல்முறையீடு இல்லை. அச்சகத்தின் வாசலில் போலீஸ் நின்ற காலம் போய்விட்டது. காகிதம் விற்கிறவனும் தபால்காரனும் சேர்ந்து கதவைச் சாத்துகிறார்கள்.

ஆவணங்களைத் தந்த செல்ஸி மானிங்குக்கு 2013இல் 35 ஆண்டுத் தண்டனை. 2017இல் அது குறைக்கப்பட்டு விடுதலையானார். ஜூலியன் அசாஞ்ச் மீதான 18 குற்றச்சாட்டுகளில் 17 உளவுச் சட்டத்தின் கீழ் வந்தவை. 1917இல் முதல் உலகப் போருக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. 2024 ஜூனில் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்ட பிறகே அவர் விடுதலையானார். பொதுநன்மைக்காக வெளியிட்டேன் என்று சொல்வதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. வேனில் இருந்த குழந்தைகளைச் சுட்டதற்கு எந்தச் சிப்பாயும் வழக்கைச் சந்திக்கவில்லை. அதைக் காட்டியவர்களே சிறைக்குப் போனார்கள்.

5

அமெரிக்கா இப்படித்தான், அது ஏகாதிபத்தியம் என்று முடித்துக்கொண்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் நம் வீட்டில் இருப்பது 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியங்கள் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. எது ரகசியம் என்று அதில் வரையறையே இல்லை. பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் இந்தச் சட்டத்தில் கைதாகி ஏழு மாதம் திகாரில் இருந்தார். அவர் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ‘ரகசியம்’, இஸ்லாமாபாத் ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்கெனவே அச்சிட்டு வெளியிட்ட ஆவணம். 2003 ஜனவரியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் பெரும்பகுதியை 2014இல் நெவில் மாக்ஸ்வெல் வெளியிட்டு, உலகமே படித்துவிட்டது. அரசு இன்னும் அதை வெளியிடவில்லை.

பழைய சட்டமாவது தெரிந்த சட்டம். புதியது வேறு மாதிரி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக இணையத்தில் எதையும் முடக்க மைய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2009இல் வந்த அதன் விதிகளில் 16ஆவது விதி, முடக்கக் கோரிக்கையும் நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது செய்தி மட்டும் ரகசியமில்லை, செய்தியை முடக்கியதும் ரகசியம். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்ததை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பு 69ஏ செல்லும் என்றது. காரணம் எழுத்தில் இருக்கும், எனவே எதிர்த்து வழக்குப் போடலாம் என்றது. கையில் தராத காரணத்தை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது? 2022இல் ட்விட்டர் போட்டுப் பார்த்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளி 50 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது இவ்வளவும் ஒரே வாரத்தில் கண்முன் நடந்தது. மே 8 இரவு நமது தொலைக்காட்சிகள் சில கராச்சித் துறைமுகத்தை அழித்தன. ஸ்டுடியோவில்தான். விடிந்து பார்த்தால் துறைமுகம் அப்படியே இருந்தது. ஒரு சேனல் பிறகு மன்னிப்புக் கேட்டது. அதே மே 8 அன்று, 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி இந்திய அரசு ஆணையிட்டதாகவும், பலவற்றுக்குக் காரணமே தரப்படவில்லை என்றும் எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. மே 9 அன்று ‘தி வயர்’ இணையதளம் முடக்கப்பட்டது. கராச்சியை அழித்த சேனல்கள் எதுவும் முடக்கப்படவில்லை. நமது விமானப்படைக்கு விமான இழப்பு ஏற்பட்டது என்பதை, முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டார். சென்னையில் இருக்கிறவன் தன் நாட்டின் இழப்பைச் சிங்கப்பூர் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒன்றும் யோக்கியமில்லை. ஓராண்டுக்கு மேல் எக்ஸைத் தடை செய்து வைத்திருந்த பாகிஸ்தான், மோதல் தொடங்கிய மே 7 அன்று அதைத் திறந்துவிட்டது. அங்கே கருத்துச் சுதந்திரம் ஒரு ஆயுதத் தளவாடம். போர் வந்தால் கிடங்கிலிருந்து வெளியே எடுப்பார்கள்.

போர் நடக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஒதுக்க முடியாது. 2008இல் மும்பைத் தாக்குதலின்போது சேனல்கள் காட்டிய நேரடி ஒளிபரப்பு, கமாண்டோக்களின் நகர்வைத் தாக்கியவர்களை இயக்கியவர்களுக்கும் காட்டிக்கொடுத்தது. உச்ச நீதிமன்றமே 2012இல் இதைக் கண்டித்தது. படை நாளை எங்கே போகப்போகிறது என்பது ரகசியமாக இருக்கலாம். படை நேற்று யாரைக் கொன்றது என்பது ரகசியமாக இருக்க முடியாது. முதலாவதுக்கு ஆயுள் சில மணி நேரம், சில நாள். இரண்டாவதை ரகசியமாக்கும்போது அது ராணுவத்தைக் காப்பதில்லை, ஆள்வோரைக் காக்கிறது. நமது சட்டங்கள் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுகின்றன. பூட்டைத் திறக்கும் தேதி பெட்டியில் எழுதப்படவில்லை.

6

கடைசியாக, நமக்கு நெருக்கமான ஓர் இடத்தைப் பேசாமல் விடுவது நேர்மை ஆகாது. 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெட் இணையதளம் முடக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சுயேச்சையான பத்திரிகையாளர் யாரும் உள்ளே போக முடியவில்லை. எண்ணிக்கை சொல்ல மிஞ்சியவர்கள் அங்கிருந்த சில அரசு மருத்துவர்கள்தாம். போர் முடிந்ததும் அவர்கள் பிடிக்கப்பட்டு, 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர்கள் முன் நிறுத்தப்பட்டு, மிகைப்படுத்திச் சொன்னோம் என்றார்கள். காவலில் இருந்தபடி. 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இங்கேயும் கடைசியில் சாட்சி சொன்னது கொன்றவனின் கேமராதான். கண்ணும் கையும் கட்டப்பட்டவர்களைச் சுடுகிற படத்தை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியது. சிப்பாய் ஒருவனின் கைபேசியில் எடுத்தது என்றார்கள். போலி என்றது இலங்கை அரசு. உண்மையென்றே தோன்றுகிறது என்று ஐ.நா.வுக்காக ஆராய்ந்த நிபுணர்கள் 2010இல் சொன்னார்கள்.

கொழும்பின் பொய்யைத் தமிழ்நாட்டில் எல்லோரும் சரியாகவே சந்தேகித்தார்கள். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பியிருந்தது. மக்கள் வெளியேறப் பார்த்தபோது புலிகள் அவர்களைத் தடுத்ததையும் சுட்டதையும் அதே நிபுணர் குழு எழுதியது. அந்தப் பக்கங்களை நம் மேடைகளில் யாரும் வாசிக்கவில்லை. பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று 2023 பிப்ரவரியில்கூட அறிவித்தார்கள். கேட்டவர்களுக்கு இரண்டாவது ஒற்றன் தேவைப்படவில்லை. இதை இரண்டு தரப்பையும் சமமாக்கும் தராசு வேலை என்று சிலர் சொல்வார்கள். ஓர் அரசு கொன்றதும் ஓர் இயக்கம் கொன்றதும் அளவில் ஒன்றல்ல. ஆனால் சாட்சியைச் சோதிக்கும் விதி இரண்டுக்கும் ஒன்றுதான். நமக்குப் பிடித்த தரப்புக்கு அதைத் தளர்த்தினால், பிடிக்காத தரப்பை நோக்கி அதை நீட்டும் உரிமையை நாம் இழக்கிறோம்.

எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது என்ன? நம்மிடம் செயற்கைக்கோளும் இல்லை, களத்தில் ஆளும் இல்லை. வாக்கியம் இருக்கிறது. ‘பலி’ என்று வருகிற இடத்தில் ‘கொன்றது யார்’ என்று எழுதலாம். ‘தகவல் அறிந்த வட்டாரங்கள்’ என்று வருகிற இடத்தில், அந்த வட்டாரத்தின் நடுப்புள்ளி யார் என்று கேட்கலாம். ஒரே செய்தி மூன்று இடத்தில் வந்தால், அந்த மூவரும் ஒருவரையொருவர் அறிவார்களா என்று பார்க்கலாம். மனு எழுதத் தெரிந்தவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவைப் படிக்கட்டும். பொதுநன்மை பெரிதாக இருந்தால் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. 16ஆவது விதி போக வேண்டும், முடக்க ஆணைகள் வெளிப்படையாக வர வேண்டும் என்பதை இணையக்காரர்களின் கோரிக்கையாக விட்டுவிடாமல் எழுத்தாளர்களின் கோரிக்கையாகவும் ஆக்க வேண்டும். சிறுபத்திரிகையை முடக்க யாருக்கும் இதுவரை தோன்றவில்லை என்றால், அது நமக்குக் கிடைத்த சுதந்திரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 500 பிரதி அடிக்கிறவனிடம் குழாய் இல்லை, அவ்வளவுதான். நாளை இந்தப் பக்கமும் அந்தக் குழாய் வழியாகத்தான் போகப்போகிறது.